ஸ்விட்சைக் கொஞ்சம்

யாங்கூன், ஐம்பத்தொன்றாம் தெரு.
ஆறாவது மாடி என்னுடையது,
ஐந்தாவது டோ தின் மேயுடையது.
தண்ணீர் மோட்டார்கள் எல்லாம் கீழே
படிக்கட்டின் அடியில்
குட்டிப் பன்றிகள் மாதிரி படுத்திருக்கும்.

கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.
நேற்று பதினொன்றுக்கு வந்து
பன்னிரண்டுக்குப் போயிற்று.
நான் அப்போது துணிக்கடையில்
கெஜக்கோலும் கையுமாய் நின்றிருந்தேன்.
டோ தின் மே வீட்டில்தான் இருந்தார்.

கேட்க வேண்டியது ஒரு வாக்கியம்:
உங்கள் மோட்டாரைப் போடும்போது
என்னுடையதையும் போட்டுவிடுங்கள்.

படி இறங்கும்போது திருத்த ஆரம்பித்தேன்.
'போடுங்கள்' என்றால் உத்தரவு.
'போட முடியுமா' என்றால்
கையில் சுளுக்கா என்று விசாரிப்பதுபோல.
'தயவுசெய்து', அது கோயில் வாசல் பலகை
செருப்புகளிடம் பேசுகிற சொல்.
மிஞ்சியது 'கொஞ்சம்'.
ஸ்விட்சைக் கொஞ்சமாகப் போட முடியாது,
போட்டால் முழுக்கத்தான்.
ஆனாலும் 'கொஞ்சம் போட்டுவிடுறீங்களா' என்னும்போது
ஆறு மாடித் தண்ணீரும்
ஒரு செம்புக்குள் அடங்கிவிடுகிறது.

பர்மியிலும் இந்தத் தந்திரம் உண்டு:
'தசெய் லௌ', ஒரு சிட்டிகை அளவு.
வினைக்குப் பின்னால் ஒரு 'பா' வைத்தால் மரியாதை.
தமிழில் அதே 'பா'
தோளில் கை போட்ட மாதிரி.
இரண்டு மொழியிலும் யோசித்துக்கொண்டு இறங்கியதில்
ஐந்தைத் தாண்டி நாலாம் மாடிக்குப் போய்விட்டேன்.

ஏறி வந்து தட்டினேன். கையில் ஆறு வடை.
வெயிலைப் பற்றிப் பேசினோம், பூண்டு விலை,
தாய்லாந்தில் அவர் மகனுக்கு மாறிய ஷிஃப்ட்.
"வேறென்ன?" என்றார்.
"வேறென்ன, சும்மாதான்."
மேலே வந்து குழாயைத் திறந்தேன்.
என் சார்பில் அது இருமியது.

மறுநாள் அவர் வந்தார்,
அதே தட்டில் லபெ, வறுத்த பயறு.
வெயில், பூண்டு.
கண் மட்டும் என் பால்கனிக்குப் போய்ப்போய் வந்தது.
வேறென்ன, சும்மாதான்.

தட்டை வெறுமனே திருப்பக் கூடாதே.
லபெக்குக் கேசரி, கேசரிக்கு மொஹிங்கா,
மொஹிங்காவுக்கு மறுபடி வடை.
மூன்று வாரத்தில் எனக்கு எடை ஏறியது,
தண்ணீர் ஏறவில்லை.

இதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: 'ஆனாடெ'.
அடுத்தவருக்குச் சிரமமாகுமே என்று
நம் தெம்பு நோவது.
என் காதில் அது எப்போதும் பாதிதான் விழும்.
கேட்கலாம், ஆனா...

கடைசியில் கயிறு வேலை செய்தது.
பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குமே,
நுனியில் கிளிப்பும் மேலே மணியுமாக,
பேப்பருக்கும் பில்லுக்கும்.
காற்றில் என் கயிறும் அவர் கயிறும் முறுக்கிக்கொண்டன.
நான் குனிந்தேன், அவர் நிமிர்ந்தார்.
பிரிக்கும் சாக்கில்
முகம் பார்க்காமல் இருவரும் ஒரே நேரத்தில்:
"தசெய் லௌ..."

நீங்க முதல்ல. இல்லை, நீங்க.

அவர் சொன்னார்:
உங்கள் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீர்
என் கருவாட்டில் விழுகிறது,
ஒரு சிட்டிகைதான்.

ஆறு மாடி வாளியில் சுமந்த தண்ணீர் அது.

நான் வாய் திறந்தேன்.
கரண்ட் வந்தது.
தெரு முழுக்கக் கூச்சல்.
அவர் கயிற்றை அப்படியே விட்டுவிட்டுப்
படியில் ஓடும் செருப்புச் சத்தம்.

கீழே ஒரு மோட்டார் உறுமியது.
பிறகு, கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

யாருடையது என்று இங்கிருந்து தெரியாது.
தொட்டிக்கடியில் ஒரு தட்டை வைத்தேன்,
அவருடைய தட்டைத்தான்.
குழாயைத் திறந்துவைத்திருக்கிறேன்.