பதினெட்டு கிலோமீட்டர்

கல்வாரியா தாண்டியதும்
டாஷ்போர்டில் சிவப்பு எரிந்தது.
இன்றைய ஒன்பது மணி நேரம் தீர்ந்தது.
இனி ஓட்டினால் அபராதம்.

டாங்குவோலே லாரியை ஓரங்கட்டினாள்.
மரியாம்போலேயில் வீடு.
ஹாம்பர்க்கிலிருந்து எண்பதைத் தாண்டாமல் வந்தவள்.
முதுகில் ஹாரன் அடித்த கார்களை எண்ணுவதைப்
போலந்திலேயே நிறுத்திவிட்டாள்.

பின்னால் இருபது டன் தயிர்,
விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

“சூப் ஆறுவதற்குள் வருகிறேன்”
என்றான் அல்கிமந்தாஸ் போனில்.

வந்தான்.
நாக்கு சுட்டது.
வெளியே பனி கொட்டிற்று.

மூன்றாவது கரண்டியில் மெல்லச் சொன்னான்:
பாலத்துக்குப் பக்கத்தில்
பளிச்சென்று ஏதோ...
மின்னலாக இருக்கும்.

“ஜனவரியிலா?”

அவள் சிரித்த சிரிப்பில்
ஸ்டியரிங்கெல்லாம் பீட்ரூட் சிவப்பு.
கருவி மட்டும் தன் போக்கில்
‘ஓய்வு’ என்று பதிந்துகொண்டிருந்தது.