பதினொரு விநாடி

ஸெனோன் ரட்வானெக் செத்துப்போன செய்தியை
வானிலை அறிக்கைக்கு முன்னால் சொன்னார்கள்.
'சர்ச்சைக்குரிய' என்றாள் அந்த வானொலிப் பெண்,
நாக்கில் முடி ஒட்டிக்கொண்டதுபோல்.
நான் பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருந்தேன்.
கை ஏற்கெனவே சிவப்பு.

இருபத்தாறு வருடம் அவர் படங்களை வெட்டியவள்.
வூச் நகரத்து ஸ்டுடியோவில்
கொதிகலன் அறைக்கு மேல் என் மேசை.
அசிட்டோன் நெடி, வெள்ளைப் பருத்திக் கையுறை,
ஜன்னலை அடைத்து நின்ற நெசவாலைப் புகைபோக்கி.
வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பார்கள்.
எனக்கு எப்போதும் மூன்று:
திரைக்கு, கூடைக்கு,
கைப்பைக்கு.

முதல் படத்தில் ஒரு களஞ்சியம் எரிந்தது,
உள்ளே ஆட்களோடு.
ஊர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு
உருளைக்கிழங்கு வெந்ததா என்று குத்திப் பார்த்தது.
நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்றது கட்சி.
நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்றார் பாதிரியார்.
அந்த இரண்டு பேரும் ஒத்துப்போனதை
நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.
ரட்வானெக் தியேட்டர் வாசலில் நின்று
பாதியில் எழுந்து வந்தவர்களை எண்ணினார்,
மொய் எண்ணுகிற முகத்தோடு.

வார்சாவில் தணிக்கை அலுவலகம் இருந்தது
சுண்டெலித் தெருவில். பெயரே அதுதான்.
டப்பாக்களை ரயிலில் தூக்கிக்கொண்டு நான்தான் போவேன்.
"இந்த அம்மா ஏன் இவ்வளவு நேரம் அழுகிறாள்?"
கேட்ட அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது.
நாலு விநாடி குறைத்தேன்.

அறுபத்தெட்டில் எங்கள் ஒளிப்பதிவாளர் நத்தானை
நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள்.
ஒரு பெட்டி, ஒரு வழிப் பயணச்சீட்டு, திரும்பி வர முடியாத தாள்.
பிளாட்பாரத்தில் எட்டுப் பேர் நின்றோம்.
களஞ்சியத்தைப் படமெடுத்தவர் வரவில்லை.
உருளைக்கிழங்கு வெந்ததா என்று
பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு அந்த ஏரி.
மசூரியில், பிப்ரவரியில்,
பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்து ஒரு கதவளவு துளை.
போகுமிவாவுக்கு இருபத்திரண்டு வயது.
அதில் இறங்கித் தாயைக் கூப்பிட வேண்டும்.
ஒன்பது முறை இறங்கினாள்.
படத்தில் இருப்பது ஏழாவது.
எட்டும் ஒன்பதும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
நானும்.
இடது காலில் மூன்று விரல் போயிற்று.
பாரிஸில் அந்தக் காட்சிக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.
ஓல்ஷ்டின் தபால் நிலையத்தில் அவளுக்கு
உட்கார்ந்தே செய்கிற வேலை கிடைத்தது.

ஏழாவது டேக்கின் வால் என்னிடம் இருக்கிறது,
தேயிலை டப்பாவில்.
'நிறுத்து' சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது.
இருநூற்று அறுபத்து நான்கு சட்டகம். ஒலி இல்லை.
ரட்வானெக் ஓடி வருகிறார். வழுக்கி விழுகிறார்.
தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றுகிறார்,
மண்டியிட்டு, மஃப்ளரால் அவள் பாதத்தைத் தேய்க்கிறார்,
ஊதுகிறார், அழுகிறாரோ என்னவோ.
ஏழாவது விநாடியில் தலையைத் திருப்பி
கேமராவைப் பார்த்து உதடு அசைக்கிறார்:
இன்னொரு முறை.

நேற்று தொலைக்காட்சியிலிருந்து கின்கா என்று ஒரு பெண்.
மேதையா, மிருகமா, இரண்டு வாக்கியத்தில் போதும் என்றாள்.
ஆறாவது விநாடியில் வெட்டினால் தேவதூதன்.
அங்கிருந்து தொடங்கினால் கசாப்புக்காரன்.
கத்தரிக்கோல் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது.

ஓல்ஷ்டினுக்குத் தொலைபேசி போட்டேன்.
முப்பது வருடத்தில் முதல்முறை.
அவர் போன விஷயம் அவளுக்குத் தெரியும்.
டப்பாவைப் பற்றிச் சொன்னேன்.
நாய் குரைத்தது, அதட்டினாள், திரும்பி வந்தாள்.

"அந்தக் கோட்டு" என்றாள் போகுமிவா,
"எவ்வளவு கதகதப்பாக இருந்தது தெரியுமா."

கொஞ்ச நேரம் கம்பியில் இரைச்சல் மட்டும்.

"அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதே."