கண்ணாடித் துடுப்பு

பொய்ப்பல் கட்டுவது என் பிழைப்பு.
சாலிஸ்பரி ரயிலடிக்கு எதிரே, மாடியில்.
யாரோ நாளை ஆப்பிள் கடிக்க
இன்று நான் ஈறு வார்க்கிறேன்.
மிஞ்சிய இளஞ்சிவப்புக் குழம்பில்
எட்டுச் சின்னக் கூம்புகள் வார்த்தேன்,
பிளாக் ஆரோவின் அடிக்கட்டு எஞ்சின் வாய்கள்,
பத்தில் ஒரு பங்கு.
சாயம் பூசும்வரை அவை
சிரிக்கப் பழகாத வாய்போல் மேசையில் கிடந்தன.

பேர்தான் கறுப்பு அம்பு.
உடம்பு வெள்ளி, மூக்கு சிவப்பு.
மூன்று அடுக்கு.
எழுபத்தோராம் ஆண்டு, "போதும்" என்று லண்டன் சொன்ன பிறகும்
கப்பலேறி வந்துவிட்டதே என்று
வூமராப் பாலையில் நிறுத்தி ஏற்றிவிட்டார்கள்.
பல் வெளுக்க நாங்கள் வைத்திருக்கும் அதே பெராக்சைடுதான்,
செறிவு கூட்டினால் விண்ணுக்குப் போகும்.
அது கொண்டுபோய் விட்ட சிறு கோள்
இன்னும் சுற்றுகிறது. பேசுவதில்லை.

அசலுக்குத் துடுப்பே கிடையாது.
எஞ்சின் வாயைத் திருப்பித் திருப்பி
தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு போனது.
என் அட்டைக்குழாய்க்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
துடுப்பு வேண்டும், இல்லையேல் மூக்கில் கனம்.
இரண்டும் வைத்தேன்.
தூண்டில் கடையில் ஈயக்குண்டு அரைக் கிலோ;
பாலிகார்பனேட்டில் நான்கு துடுப்பு,
கண்ணாடிபோல்.
இருபதடி தள்ளி நின்றால் இல்லை.
வெயில் சாய்ந்தால் உண்டு.

மூக்கின் சிவப்புக்கு மூன்று பழைய படம் பார்த்தேன்,
மூன்றும் மூன்று சிவப்பு.
பெயின்ட் கடைப் பெண் கேட்டாள்: கதவுக்கா?
ஆமாம் என்றேன்.
அப்படியென்றால் இரண்டு கோட் போதும் என்றாள்.

துஷ்யந்தி ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவள்.
இரண்டாம் அடுக்கின் வயிற்றில் இருப்பது
அவள் எழுதிய மூளை:
அடியது கழன்றதும் சாய்வைப் பார்,
இருபது பாகைக்குள் இருந்தால் மட்டும் பற்றவை.
முப்பது வையேன் என்றேன்.
"முப்பதில விட்டா அது ராக்கெட் இல்லை அக்கா,
ஏவுகணை."

இரண்டு சனிக்கிழமை தீத்தடை.
ஒரு சனிக்கிழமை அவள் மகனுக்குக் காய்ச்சல்.
மே மாதத்தில்தான் வாய்த்தது,
பாலக்லாவா தாண்டி ஓர் அறுத்த கோதுமை வயல்.
தாள்கட்டை பூட்ஸைக் குத்த
முந்நூறு அடி பின்வாங்கி நின்றோம்.
டெஸ்மண்ட் ஒலிபெருக்கியில் எண்ணினான்.
பூஜ்யத்துக்குப் பிறகும்
ஒரு பூஜ்யம் இருந்தது.

பிறகு போனது.
சத்தம் வந்து நெஞ்சைத் தொடும் முன்னே
மேலே ஒரு வெள்ளிக் கீறல்.
எட்டு வாயும் சும்மா பார்த்திருக்க
நடுவில் ஒளித்த ஒற்றை மோட்டார்
அத்தனை பேருக்கும் சேர்த்துக் கத்தியது.
மேற்கே இருந்து காற்று.
துடுப்புள்ளது காற்றுக்கு முகம் கொடுக்கும்,
யாருக்கும் தெரியாத துடுப்பானாலும்.
சாய்ந்தது. கொஞ்சம்தான்.

டப்.
அடியது கழன்றது.
மேலது தனியே ஏறியது, ஏறியது,
பற்றவில்லை.

கூட்டம் "அடடா" என்றது, அவரவர் மொழியில்.
துஷ்யந்தி மட்டும் கை தட்டினாள்,
தன் பேச்சைக் கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல.
ஆரஞ்சுக் குடை விரிந்து
அவசரமே இல்லாமல் இறங்கியது அது.

பதிவில் இருபத்து மூன்று பாகை.

கம்பியைக் கழற்றி முறுக்கிக் கட்டிய பிறகே
எரியாத மோட்டாரைத் தொட விட்டாள்.
அடிக்கட்டு வேலியோரம் கிடந்தது.
எட்டில் இரண்டு கூம்பு போய்
பொக்கை.
அது எனக்கு ஒரு நாள் வேலை.

திரும்பும் வழியில் லெவல் கிராசிங்.
முடிவில்லாத சரக்கு வண்டி.
பின்சீட்டில் சாய்ந்த வெயில் விழுந்து
நான்கு துடுப்பும் பளிச்சென்று தெரிந்தன.
இருபத்தைந்து வைக்கலாமா என்றேன்.
அவள் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு
பெட்டிகளை எண்ணினாள்.