கூட்டியோ குறைத்தோ

ரக்பிக் கோப்பைகளில் தூசி படிந்த ஊர்மண்டபத்துக்கு
நாற்பத்து மூன்று பாட்டில்கள் வந்து சேர்ந்தன.
ஜாம் பாட்டில், ஊறுகாய்ப் பாட்டில்,
"நன்றாகக் கழுவியது" என்ற சீட்டோடு ஒரு ஜின் பாட்டில்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிணறு.
பார்வைக்கு எல்லாம் ஒரே தெளிவு.
நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை,
கட்சி மட்டும் உண்டு.

வெளியே காண்டர்பரிச் சமவெளியின் வடமேற்குக் காற்று
கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது.
இடப்பக்கம் பால்பண்ணைக்காரர்கள்,
கழற்றிய தொப்பி முழங்காலில்.
வலப்பக்கம் ஆற்றுக்காக வந்தவர்கள்.
நடுவே நடைபாதை,
அதை அடைத்துக்கொண்டு என் மேசை,
என் ஒளிமானி, என் பென்சில்.

யூஸ்ட் வெல்டாம் எழுந்தார்.
"அறுநூறு மாடு. முப்பது வருடக் கடன்.
உன் தேநீரில் விழுவது யார் பால்?"
உங்களுடையதுதான் என்றேன்.
அவர் எதிர்பார்த்தது அந்தப் பதில் இல்லை;
தொப்பியைத் தேடியபடி உட்கார்ந்தார்.

ரங்கிமாரி எழவே இல்லை.
"நான் விலாங்கு பிடித்த ஓடையில்
கால் நனைக்காதே என்று பலகை வைத்திருக்கிறார்கள்.
பலகையை என் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.
உங்கள் எண் வரட்டும், காத்திருக்கிறோம்.
விலாங்குகள்தான் காத்திருக்கவில்லை."

இருபத்தேழாவது பாட்டில்,
பள்ளிக்கூடக் கிணறு.
வரம்பைப் போல் இரண்டு மடங்கு.
நான் மெதுவாகத்தான் வாசித்தேன்,
மண்டபம் அதை உரக்க வாசித்தது.
பத்திரிகைப் பையன் வாசலுக்கு ஓடினான்,
சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

முப்பதை முடித்து நோட்டைப் பார்க்கும்போது
இருபத்தாறும் இருபத்தேழும்
ஒரே எண்.
மூன்றாவது தசமம் வரை, அச்சு மாறாமல்.
தண்ணீர் அப்படி இரட்டை பெறாது.
இருபத்தாறு, எருக்குட்டையோரத்துக் கிணறு,
மனிதர் யாரும் குடிக்காதது.
அந்தக் குழலையே இரண்டு முறை அளந்திருக்கிறேன்.
இடையில் யாரோ எனக்குத் தேநீர் தந்தார்கள்.
யூஸ்டின் பால் ஊற்றியது.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சரியான கட்சிக்குக் கிடைத்த தவறான எண்
பல ஊர்களில் நல்ல வேலை செய்திருக்கிறது
என்று ஒரு குரல், என் குரலிலேயே.

எழுந்து சொன்னேன். மறுபடி அளந்தேன்.
வரம்புக்குக் கீழே.
விரற்கடை கீழே.
அதற்குள் இடப்பக்கம் கைதட்டத் தொடங்கிவிட்டது,
வலப்பக்கம் யாரோ "எவ்வளவு கொடுத்தார்கள்?" என்றார்கள்,
"கூட்டியோ குறைத்தோ" என்று நான் தொடங்கிய வாக்கியத்தைக்
கூரைத் தகரம் தின்றது.
அந்தக் கூட்டலில் வரம்பு தாண்டும்.
அந்தக் குறைத்தலில் நிம்மதி.
இரண்டும் ஒரே கிணறு,
அதே செவ்வாய்க்கிழமை.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் உண்டென்று
எங்கோ கேட்ட கதை.
எங்கள் ஏரி அன்னங்கள் கறுப்பு.
அவை எதையும் பிரிப்பதில்லை,
பாசியை மேய்ந்துவிட்டுப் போகின்றன.

தலைமையாசிரியர் ஆட்கின் மேசைக்கு வந்தார்.
"நாளைக் காலை குழாயைத் திறக்கவா, வேண்டாமா?"
அதற்கு இந்தக் கருவியில் எண் இல்லை என்றேன்.
"கருவியைக் கேட்கவில்லை."
என் பிள்ளையென்றால் கேனில் தண்ணீர் கொடுத்தனுப்புவேன்,
இது அறிவியல் இல்லை, என் பயம்,
இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அவர் ஒரே வரியில் எழுதினார்.
எந்த இடத்தில் கோடு போட்டார் என்று
தலைகீழாகப் பார்த்ததில் தெரியவில்லை.

மண்டபம் காலியானது.
அவரவருக்கு வேண்டிய எண் கையில்.
மேசையில் இன்னும் பதின்மூன்று பாட்டில்கள்,
ஜின் பாட்டிலும் அதில் ஒன்று.

குழலை அலசினேன்.
மூன்று முறை.
முப்பத்தொன்று.