புகை

ஒலுவில் ஓட்டுத் தொழிற்சாலை பூட்டி
ரெண்டு வருசம்.
பங்கொன்று இரண்டு ரூபா நாற்பது சதம்.

செவ்வாய்க்கிழமை காவலாளி உதுமாலெவ்வை
உள்ளே ஓலை கொளுத்தினார், நுளம்புக்கு.
பத்தரைக்கு அக்கரைப்பற்றில்
சூளை மூட்டியாச்சாம்.
பதினொன்றுக்கு, டுபாய்க்காரன் வாங்கிட்டானாம்.
பிறகு கொழும்பிலிருந்து எனக்கே கோல்:
"நீங்க எதிர்வீடுதானே, புகை வெள்ளையா கறுப்பா?"
கறுப்பு என்றேன்.
பொய்யில்லை. பழைய டயரும் கிடந்தது.

மூன்று ரூபா பத்துக்கு விற்றேன்.

அஸருக்குப் பிறகு மதிலோரம் வந்தார்,
சாரமெல்லாம் கரி மணக்க,
ஏழு மாதச் சம்பளம் வராத மனிசன்.
"தம்பி, மெய்யாத் திறக்கப் போறாங்களாம்.
பொஞ்சாதிர காப்ப அடகு வெச்சி
நானும் கொஞ்சம் வாங்கிட்டன்."

ஓலை இன்னும் மிச்சமிருக்கா
என்றுதான் என் வாயில் வந்தது.