இழப்புக் குறியீடு ஏழு

"உளுந்து என்ன அலகில் உள்ளே வருகிறது, மேடம்?"
என்று சென்னையிலிருந்து நிரஞ்சன் திரையில் கேட்டார்.
வீசை, என்றேன்.
எழுத்துக்கூட்டச் சொன்னார்.
அவர் பட்டியலில் டன் இருந்தது, பவுண்டு இருந்தது,
பீப்பாயும் கெஜமும்கூட இருந்தன.
மெட்ராஸ் தராசுகளிலிருந்து இறங்கிப் போன சொல்
ரங்கூன் பயின்னவுங் சந்தையில்
இருநூற்றுச் சொச்சம் கிராம் கூடுதலாகக் கொழுத்து
இன்றும் ஏறி இறங்குவது
அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஒரு வீசை = 1.633 கிலோ.
தட்டிவிட்டேன்.
பெகுவில் களத்து மேட்டில் சொல்லும் கணக்கும்
துறைமுகத்துச் சீட்டுக் கேட்கும் எண்ணும்
அந்த இரண்டு கோட்டுக்கு இருபுறமும்
அடங்கி உட்கார்ந்தன.
அட்டையில் மா சான் ஏ,
வீட்டில் கற்பகவல்லி.
சமம் என்று போட்டால் தீர்ந்தது என்றுதான்
எல்லாக் கணினியும் நினைக்கிறது.

முன்பு எங்களிடம் நாலு பேரேடு.
கொள்முதல், கிடங்கு, லாரி, வசூல்.
பங்காளிகளைப் போல
ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காது.
இப்போது ஒரே கூரை.
பெகுவில் ஒரு மூட்டை தும்மினால்
சென்னைத் துறைமுகத்தில் பில் எழுந்து உட்காருகிறது.
மின்சாரம் போனால் மட்டும் எல்லாம் சேர்ந்து தூங்கும்.
ஜெனரேட்டர்காரன் டீசலோடு வரும்வரை
நான் பழைய பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன்,
பழக்கதோஷம்.

மூன்றாம் வாரம் சிவப்பாக ஒரு வரி.
வந்தது பத்தாயிரம்.
போனதும் இருப்பும் சேர்த்தால்
நாற்பத்தொரு வீசை குறைகிறது.
காரணத்தைத் தேர்வு செய்க.
திருட்டு, எலி, நனைந்தது, எடைப் பிழை...
காரணம் சொல்லாமல் மாதம் மூடாதாம்.

எனக்குத் தெரியும்.
கூலிகள் கொக்கி போட்டு மூட்டையைத் தூக்குகிறார்கள்.
ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு கண்.
லாரிக்கும் தராசுக்கும் நடுவே
அந்தக் கண்கள் சிந்திக்கொண்டே போகும்.
நாலு மணிக்கு டோ டின் யீ துடைப்பத்தோடு வருவாள்,
கூட்டி, முறத்தில் கல் நீக்கி,
லுங்கி முனையில் முடிந்துகொள்வாள்.
மறுநாள் அது வாசலில் சூசையின் எண்ணெய்ச் சட்டியில்
ஓட்டை வடையாகச் சிவக்கும்.
தேநீருக்கு நான் இரண்டு எடுப்பேன்.
முதலாளி மூன்று.

சங்கிலியின் கடைசிக் கண்ணி வாடிக்கையாளர் என்று
பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள்.
டோ டின் யீ அந்தப் படத்தில் இல்லை.
திருட்டு என்று ஒன்றைத் தட்டினால்
உடனே வந்துவிடுவாள்.

நிரஞ்சனை அழைத்தேன்.
வெகுநேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.
"உளுந்து காயும், இல்லையா மேடம்?" என்றார்.
காயும்.
"ஏழு போடுங்கள். ஈரப்பதம் குறைதல்.
அரை சதவீதம்வரை அது வாய் திறக்காது."
ஏழு போட்டேன்.
பச்சையானது.
அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று
நான் கேட்கவில்லை.

திஞ்ஜான் தண்ணீரெல்லாம் தெறித்து முடிந்து
கிடங்கைத் திறந்தால்
கொள்முதல் ஆணை தானே எழுதப்பட்டிருக்கிறது:
பத்தாயிரத்து நாற்பத்தொன்று.
என் பொய்யைப் படித்து
அதைத் தேவை என்று கற்றுக்கொண்டு
பெகு வயலில் போய்க் கேட்டிருக்கிறது,
யாருக்கு என்று தெரியாமலே.
டோ டின் யீயிடம் சொல்லலாமா என்று தோன்றியது.
என்ன பாஷையில் சொல்வது அதை?
கொக்கியை மாற்றச் சொல்லி
ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது வேறு.
யாரும் மாற்றவில்லை.

இப்போது ஜூலை.
ரங்கூனில் சுவரே வியர்க்கிறது.
தீப்பெட்டி பற்றவில்லை,
சீட்டுக் காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது,
மூட்டைகள் ஈரம் குடித்து
எடை கூடித்தான் நிற்கின்றன.
மாதக் கடைசியில் மறுபடி ஏழு.
மறுபடி நாற்பத்தொன்று.
வெளியே இடைவிடாமல் மழை;
திரையில் மட்டும்
உளுந்து காய்ந்துகொண்டே இருக்கிறது.