நாலு விரல்

காற்றடித்தால் முதலில் உச்சி அசையும்.
அடுத்து என் கண் வித்தோல்டின் கூரைக்குப் போகும்.

முப்பத்து நாலு டிசம்பருக்கு முன்
தொட்டியோடு வாங்கி வந்தான் லெஷெக்.
ஸ்ப்ரூஸ். என் இடுப்புயரம்.
நட்சத்திரம் சூட்டக் குனிய வேண்டியிருந்தது.
பண்டிகை முடிந்து தூக்கியெறிய மனமில்லாமல்
மண் இளகிய ஏப்ரலில்
வேலியோரம் நட்டோம், அளவு பார்க்காமல்.
அப்போது எதற்குத்தான் அளவு பார்த்தோம்.

லெஷெக் இப்போது பெர்கனில்,
வேறொரு குடும்பத்தோடு.
போனில் கேட்டேன், வெட்டலாமா என்று.
"எந்த மரம்?" என்றான்.

சுவால்கி நகராட்சிப் படிவத்தில் ஒரு கட்டம்:
நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு.
தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
கன்னம் பட்டையில் உரச
மறுபக்கம் கைவிட்டு முனையைத் துழாவினேன்.
டேப்பு நூற்றைம்பதோடு முடிந்தது.
இரு முனைக்கும் நடுவே
நாலு விரல் மரம் மிச்சம்.

வேலிக்கு அந்தப் பக்கம்
வித்தோல்ட் பார்த்துக்கொண்டிருந்தார்,
கூரைக்காக எனக்கு மூன்று கடிதம் எழுதியவர்.
"விட்டுவிடாதீர்கள், வருகிறேன்" என்று
கேட்டைச் சுற்றி வந்து
அந்த இடைவெளியில் தன் விரல்களை வைத்தார்.
"எட்டு," என்றார்.
"எட்டரை இருக்கலாம்."
கையை உடனே எடுக்கவில்லை.

பிறகு தேநீர் குடித்தோம்.
கடிதங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.
படிவம் சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில்,
கட்டம் காலி.
ஜன்னல் முழுக்க மரம்.
மூன்று மணிக்கே அடுக்களையில் விளக்குப் போட்டாயிற்று.
அவர் பிடித்த கோப்பையின் காதில்
கழுவியும் போகாத பிசின்.